சங்கம் வைக்க முடியாத வேலை: ஒரு காவலரின் மனைவிக்குப் பதில்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தாளின் இரண்டு பக்கமும் நிரப்பி நான்கு தாள். பெயர், ஊர், ஸ்டேஷன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

கணவர் முதல்நிலைக் காவலர், பணியில் சேர்ந்து 13 வருடம். காலை ஏழு மணி ரோல்காலுக்குக் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கோர்ட் டூட்டி, வாகனத் தணிக்கை, ராத்திரி ரோந்து, நடுவில் யாராவது பெரிய ஆள் வந்தால் பந்தோபஸ்து. திருவிழாக் காலத்தில் பத்து நாள் வெளியூர், கல்யாண மண்டபத் தரையில் படுக்கை. வார ஓய்வுக்கு அரசாணை இருக்கிறது, ஸ்டேஷன் பலகையில் இவர் பெயருக்கு நேராகக் கிழமையும் எழுதியிருக்கிறது, ஓய்வு மட்டும் வந்தபாடில்லை. சகோதரியின் தம்பி ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். எட்டு மணி நேர ஷிப்ட், அதற்கு மேல் போனால் ஓ.டி., தகராறு என்றால் பேச சங்கம். "ரெண்டு பேரும் உழைக்கிறாங்க. என் தம்பி தொழிலாளி. அப்ப என் வீட்டுக்காரர் யார் சார்?" என்று கேட்டிருக்கிறார்.

இப்போது பிரச்சினை ஒரு வாட்ஸ்அப் குழு. சில காவலர்களும் மனைவிமார்களும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒரே நாளில் எல்லோரும் லீவு எழுதிக் கொடுப்பது, அன்றைக்கு மனைவிமார் கலெக்டர் அலுவலகம் முன்னால் உட்காருவது என்று பேச்சு ஓடுகிறது. சகோதரியை அட்மின் ஆக்கிவிட்டார்கள். மாமனார் ஓய்வு பெற்ற ஏட்டு. 1979-ல் சங்கம் என்று கிளம்பிப் போய் இன்கிரிமென்ட் வெட்டு வாங்கியவர். "இந்தப் பேச்சே வீட்டில் வேண்டாம்" என்கிறாராம். கணவர் சேரலாமா, நான் போராடினால் அவருக்கு என்ன ஆகும், எட்டு மணி நேர வேலை கேட்டு வழக்குப் போட முடியுமா என்பவை கேள்விகள். பின்குறிப்பாக மகளைப் பற்றி ஒன்று.

சகோதரி, முதலில் ஒரு அவசர வேலை. அந்தக் குழுவில் உங்கள் கணவரின் நம்பர் இருந்தால் இன்றைக்கே வெளியே வரச் சொல்லுங்கள். "எல்லோரும் ஒரே நாளில் லீவு" என்ற பேச்சுக்கு நீங்கள் எழுத்தில் ஆமாம் போட்டிருந்தால், அதிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிவிட்டு நீங்களும் வாருங்கள். பழைய மெசேஜ்களை அழித்துக்கொண்டு உட்கார வேண்டாம், அது வேறு சந்தேகத்தைக் கிளப்பும். பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் கணவர் யார்?

நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். சட்டம் சொல்லும் பதில் கசப்பானது. 1947-ன் தொழில் தகராறுச் சட்டம் 'தொழிலாளி' யார் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, அதே பிரிவில் போலீஸ் பணியில் இருப்பவரைப் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியது. உங்கள் தம்பிக்கு முந்தைய தலைமுறைத் தொழிலாளிகளுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வரம்பு கட்டியபோது, கான்ஸ்டபிளுக்கு அப்படி ஒரு வரி யாரும் எழுதவில்லை.

இது மறதி இல்லை. இந்த வேலை உருவான விதமே அப்படி. நம் பக்கத்தில் காவல் என்பது முன்பு ஊர்க் காவல்காரரும் தலையாரியும் பார்த்த வேலை. அறுவடையில் ஒரு பங்கு தானியம், கொஞ்சம் மானிய நிலம், அதுதான் கூலி. கம்பெனி ஆட்சியில் 1816-க்குப் பிறகு போலீஸ் அதிகாரம் கலெக்டர், தாசில்தார் கைக்குப் போனது. வரி வசூலிக்கும் சேவகனே திருடனையும் பிடித்தான், இரண்டுக்கும் ஒரே அடிதான். அந்தச் சித்திரவதையை விசாரித்த கமிஷன் 1855-ல் மெட்ராஸில் அறிக்கை கொடுத்த பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரிக்கும் பேச்சு வலுத்தது. 1859-ல் மெட்ராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1857 கலகத்தின் சூடு ஆறாத நேரத்தில், மற்ற இடங்களுக்கு 1861 போலீஸ் சட்டம். கண்ணெதிரே இருந்த மாதிரி அயர்லாந்துக் காவல்படை. லண்டன் தெருவில் தடியோடு நடந்த போலீஸை இங்கே கொண்டுவரவில்லை, அடங்காத ஊரை அடக்கி வைக்கப் பாசறையில் வளர்த்த படையைத்தான் பார்த்து எழுதினார்கள். சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள், ஆனால் வேலைக்காரனாக நடத்தவில்லை, சிப்பாயாக நடத்தினார்கள். சிப்பாய்க்குரிய மரியாதையும் தரவில்லை என்பது வேறு கதை.

அந்த 1861 சட்டத்தின் 22-ஆவது பிரிவு, காவலர் 'எப்போதும் பணியில் இருப்பவராகக் கருதப்படுவார்' என்கிறது. உங்கள் கணவரின் இன்ஸ்பெக்டர் "போலீஸுக்கு 24 மணி நேரமும் டூட்டிதான், சட்டமே சொல்லுது" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள், நீங்களும் நம்பிவிட்டீர்கள். அந்த வரியின் நோக்கம் வேறு. லீவில் ஊருக்குப் போகிற காவலர் கண் முன்னால் குற்றம் நடந்தால், அவருக்கு அதிகாரமும் உண்டு, பொறுப்பும் உண்டு. எந்த நேரத்திலும் எங்கேயும் அவரை அனுப்பலாம். ஓய்வே கொடுக்காமல் வேலை வாங்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. டாக்டரையும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அதற்காக அவர் தூங்கவே கூடாது என்று யாரும் சொல்வதில்லையே.

"போலீஸுக்குச் சங்கமே இருந்ததில்லை" என்பது சரியா?

சரியில்லை. உங்கள் மாமனார் பட்ட காயத்தில் அப்படிச் சொல்கிறார், ஆனால் கதை நீளமானது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கு இது தேவை.

1829-ல் லண்டனில் போலீஸ் ஆரம்பித்தபோதே சம்பளத்தைக் குறைவாக வைத்தார்கள், கனவான்கள் வேண்டாம், கீழ்த்தட்டு ஆள் போதும் என்று. பாதிப்பேர் நிற்கவில்லை, குடித்துவிட்டு வந்து வேலை இழந்தவர்கள் ஏராளம். டூட்டி இல்லாதபோதும் சீருடையில்தான் இருக்க வேண்டும், டூட்டியில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய கையில் ஒரு பட்டை. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை 1887 வரை கிடையாது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் வந்தது 1910-ல். அதாவது அங்கேயும் 81 வருடம் ஆனது. 1918 ஆகஸ்டில், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லண்டன் போலீஸ் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த வெற்றியில் மயங்கி 1919-ல் மறுபடி இறங்கினார்கள். இந்த முறை அரசாங்கம் தயாராக இருந்தது. ஒரு கையால் சம்பளத்தை நன்றாக ஏற்றியது, இன்னொரு கையால் சங்கத்தைத் தடை செய்து, அதற்குப் பதிலாகத் தானே ஒரு பேரவையைச் சட்டம் போட்டு அமைத்துக் கொடுத்தது. வேலைநிறுத்தத்துக்குப் போன 2,364 பேரும் வீட்டுக்குப் போனார்கள். அதே வருடம் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து மொத்தமாக வேலை இழந்தார்கள். அவர்கள் கேட்ட சம்பளத்தை அவர்கள் இடத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

போலீஸ் கிளர்ச்சிகள் பலவற்றிலும் இதே கணக்குதான். கேட்டது கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும், கேட்ட ஆள் உள்ளே இருக்கமாட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவில் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் ராணுவம், போலீஸ் விஷயத்தில் அதை வெட்டிக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதன் 33-ஆவது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அப்படி வந்ததுதான் 1966-ன் போலீஸ் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ சேரக்கூடாது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கக்கூடாது, தடை செய்த வகைக் கூட்டங்களில் பேசக்கூடாது. மீறினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 'அனுமதி இல்லாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அனுமதி வாங்கிச் சங்கம் நடத்த வழி அதே சட்டத்திலேயே இருக்கிறது. கேரளாவிலும் பீகாரிலும் அங்கீகாரம் பெற்ற போலீஸ் சங்கங்கள் இருக்கின்றன. டெல்லியில் கீழ்நிலைக் காவலர் சங்கத்துக்கு 1966 டிசம்பரில் அங்கீகாரம் கொடுத்து, அடுத்த வருடக் கிளர்ச்சிக்குப் பிறகு பறித்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் சங்கம் தோற்றது. கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்ப எடுக்கவும் அரசுக்கு உரிமை உண்டு என்று ஆகிவிட்டது.

மாமனார் கலந்துகொண்டது சின்னச் சம்பவம் இல்லை. 1979 மே மாதம் பஞ்சாபில் ஆரம்பித்து மாநிலம் மாநிலமாகப் பரவியது. போகாரோவில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் மேல் ராணுவத்தை அனுப்பினார்கள், உயிர்கள் போயின. அதற்கு ஆறு வருடம் முன்பு உத்தரப் பிரதேசத்தில் ஆயுதக் காவல்படை கலகம் செய்து, முதலமைச்சரே பதவி விலக வேண்டி வந்தது. இன்கிரிமென்ட் வெட்டோடு தப்பித்த உங்கள் மாமனார் அந்தக் காலக் கணக்கில் அதிர்ஷ்டசாலி. அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அதே வருடம் தர்ம வீரா தலைமையில் இருந்த தேசியப் போலீஸ் கமிஷன் தன் முதல் அறிக்கையையே கான்ஸ்டபிள்களைப் பற்றித்தான் கொடுத்தது. அவர்களைத் திறனற்ற கூலிகளின் வரிசையில் வைத்துச் சம்பளம் போடாதே, திறன் பெற்ற தொழிலாளியாகக் கணக்கில் எடு என்று சொன்னது. நீங்கள் கேட்ட கேள்வியை ஒரு அரசுக் கமிஷனே கேட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு எழுதிக் கொடுப்பது வேலைநிறுத்தம் ஆகாதே?

குழுவில் யாரோ ஒரு 'சட்டம் தெரிந்தவர்' இப்படிச் சொல்லியிருக்கிறார். ஆகும். லீவு என்பது உரிமையாகக் கேட்டு வாங்குவது இல்லை, கொடுத்தால் எடுத்துக்கொள்வது என்றுதான் அடிப்படை விதியே இருக்கிறது. பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் எழுதிக் கொடுத்தால் அது எந்தப் பெயரில் இருந்தாலும் கூட்டு நடவடிக்கைதான். 2016-ல் கர்நாடகாவில் காவலர்கள் இதே 'கூட்டு லீவு' திட்டம் போட்டார்கள், முன்னின்ற முன்னாள் காவலர் மேல் தேசத்துரோக வழக்கே பாய்ந்தது. சங்கம் வைக்க அனுமதி உள்ள மற்ற அரசு ஊழியர்களுக்கே வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று, நம் தமிழ்நாட்டு வழக்கில்தான், 2003-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸுக்கு அதைவிடத் தாராளமாக ஒரு தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"நான் போலீஸ் இல்லையே?"

நீங்கள் குடிமகள். கூடலாம், பேசலாம், மனு கொடுக்கலாம், மனைவிமார் சேர்ந்து ஒரு நலச் சங்கம்கூடப் பதிவு செய்யலாம். 1966 சட்டம் உங்களைத் தொடாது. ஆனால் 1922-ல், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், போலீஸ்காரர்களிடம் அதிருப்தியைத் தூண்டுவதற்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள், அது வெளி ஆட்களைத்தான் குறி வைத்தது. காவலரை வேலையைப் புறக்கணிக்கத் தூண்டினால் 6 மாதம் வரை சிறை. மாநில அரசு அறிவித்த இடங்களில் செல்லுபடியாகும் சட்டம் அது. அரிதாகத்தான் எடுப்பார்கள், ஆனாலும் 'லீவு போடுங்கள்' என்று குழுவில் எழுதும் அட்மினுக்கு அது பொருத்தமான ஆயுதம். அதனால்தான் முதலிலேயே வெளியே வாருங்கள் என்றேன்.

உண்மையான ஆபத்து உங்களுக்கு இல்லை, அவருக்கு. 2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புக் காவல்படையினரின் மனைவிமார் சாலைக்கு வந்தார்கள். கோரிக்கையில் நியாயம் இருந்தது. தொடர்ந்து நடந்தது என்ன? 39 காவலர்கள் சஸ்பெண்ட், 10 பேர் டிஸ்மிஸ். சாதாரணமாக விசாரணை இல்லாமல் அரசு ஊழியரை டிஸ்மிஸ் செய்ய அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவு விடாது, ஆனால் விசாரணை நடத்துவது நடைமுறை சாத்தியமில்லை என்று காரணம் எழுதிவிட்டு நேராக ஆணை போட அதே பிரிவில் ஒரு சந்து இருக்கிறது. போலீஸ் கிளர்ச்சி என்றால் அந்தச் சந்து வழியாகத்தான் வருவார்கள். கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிக்கவும் செய்யலாம், அதற்குள் எத்தனை வருடம் சம்பளம் இல்லாமல் ஓட்டுவீர்கள்?

நீங்கள் கூடுவதே தப்பு என்று சொல்லவில்லை. மனைவிமார் பெயரில், மனைவிமார் மட்டும், லீவு, டூட்டி புறக்கணிப்பு என்ற சொற்களே இல்லாமல் மனுவாகக் கொடுங்கள். எஸ்.பி.யிடம், டி.ஜி.பி.க்கு, முதல்வரின் முகவரிக்கு. ஒரே ஒரு ஸ்டேஷனிலிருந்து போகாமல் பல ஸ்டேஷன் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டால் யார் கணவர் தூண்டினார் என்று தேடுவது கஷ்டம். அப்போதும் "உன் பெண்டாட்டியை விட்டு எழுத வைத்தாயா" என்று ஒரு மெமோ வரலாம். அதற்கு நடத்தை விதிகளில் இடம் இருக்கிறது. வந்தால் 3(ஏ)வா (சிறு தண்டனைக்கானது) 3(பி)யா (பெரும் தண்டனைக்கானது) என்று பாருங்கள், அவருக்கே வித்தியாசம் தெரியும். பதில் எழுதும் முன் வக்கீலிடம் காட்டுங்கள், ஸ்டேஷன் ரைட்டர் சொல்கிற மாதிரி "மன்னிச்சு விட்டுருங்கய்யா" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். அந்த மன்னிப்பு பின்னால் ஒப்புதலாகத்தான் படிக்கப்படும்.

வழக்குப் போடலாமா?

எட்டு மணி நேரம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் இன்றைக்கு நிற்காது, அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் இல்லை. பொதுநல வழக்கும் வேண்டாம், பணி சம்பந்தமான விஷயத்தில் அது செல்லாது என்பதுதான் பொது விதி. ஆனால் வார ஓய்வு வேறு. இரண்டாம் நிலைக் காவலரிலிருந்து தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் தமிழ்நாடு அரசே ஆணை போட்டிருக்கிறது. அரசு தானே போட்ட ஆணையைத் தன் அதிகாரி மதிக்கவில்லை என்று காட்டினால், அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, இவருடைய மனுவைப் பரிசீலித்து முடிவெடு என்றாவது உத்தரவு வாங்கலாம். தனி ஆளாக, தன் குறைக்காக, முறையான வழியில் மனு கொடுப்பதையும் கோர்ட்டுக்குப் போவதையும் 1966 சட்டம் தடுக்கவில்லை. இதைப் பல காவலர்கள் தெரியாமலே பணி ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

அதற்கு ஆதாரம் வேண்டும். உங்கள் கணவர் ஒரு சின்ன நோட்டில் நாள், டூட்டிக்குப் போன நேரம், திரும்பிய நேரம், ஓய்வு நாளில் யார் கூப்பிட்டார்கள் என்று ஆறு மாதம் எழுதட்டும். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் அவருடைய வருகை, புறப்பாடு பதிவாகியிருக்கும், அந்தத் தேதிகளோடு ஒத்துப்போனால் போதும். இன்ஸ்பெக்டரைத் திட்டி எழுத வேண்டாம். பெரும்பாலும் அவருக்கும் ஆள் இல்லை. 2014-ல் மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி அமைப்புக்காக நடந்த ஆய்வில், ஸ்டேஷன் போலீஸாரில் சுமார் 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகத் தெரிந்தது. அதில் இன்ஸ்பெக்டர்களும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது, கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். மும்பையில் ஒரு கான்ஸ்டபிள், இருக்கிற ஆட்களை வைத்தே எட்டு மணி நேர ஷிப்ட் எப்படி ஓட்டலாம் என்று தாளில் கணக்குப் போட்டு மேலே கொண்டுபோனார். கமிஷனர் காது கொடுத்தார். 2016-ல் தேவ்னார் ஸ்டேஷனில் சோதித்துப் பார்த்து, அப்புறம் மற்ற ஸ்டேஷன்களுக்கும் விரித்தார்கள். எல்லா மாவட்டத்திலும் அப்படி ஒரு மேலதிகாரி கிடைப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணவருக்கு ரோஸ்டர் போட்ட அனுபவம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன்.

மகளைப் பற்றிக் கேட்டதற்கு: பதினொரு வயதுப் பெண், அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள், இந்த வேலையே வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். 1973-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பெண்களைப் போலீஸில் எடுத்தபோது மொத்தம் 22 பேர், ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது இப்படித்தான் தடுத்திருப்பார்கள். அவள் படித்து முடிக்க இன்னும் பத்து வருடம் இருக்கிறது. நோட்டை மட்டும் இந்த மாதமே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், முதல் ஆறு மாதம் முடிந்ததும் நகலோடு மறுபடி எழுதுங்கள்.